நல்ல வைட் ரிசீவர் என்றால் வேகமாக ஓடுகிறவன்தானே?

கேள்வி:
அண்ணா, ஆகஸ்டில்தான் கொலம்பஸுக்குப் படிக்க வந்தேன். சனிக்கிழமை ஆனால் ஊரே சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஆட்டம்) பார்க்கக் கிளம்பிவிடுகிறது. நானும் அறைத் தோழர்களோடு உட்கார்ந்து டிவியில் பார்க்கிறேன். குவார்ட்டர்பேக் எறிகிறார், ஓரத்தில் நிற்கும் வைட் ரிசீவர் ஓடிப்போய்ப் பிடிக்கிறார். வேகமும் உயரமும் இருந்தால் இந்த வேலைக்குப் போதும் என்று தோன்றுகிறது. இதில் நல்லவன், மிக நல்லவன் என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

செப்டம்பர் 8, 2024

வேகம் போதாது. உயரமும் போதாது.

நானும் இப்படி நினைத்துக்கொண்டுதான் 2006-இல் இந்த ஊருக்கு வந்தேன். அப்போது இந்த ஊர்ப் பல்கலைக்கழக அணியான ஒஹையோ ஸ்டேட்டில் 7-ஆம் எண் சட்டை டெட் கின் ஜூனியருடையது. அவர் கைக்குப் பந்து போனால் அரங்கில் ஒரு லட்சம் பேரும் எழுந்து நிற்பார்கள். என் கண்ணும் அவரை விட்டு நகராது. ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒஹையோக்காரர் ஒருவர் சில வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்றைக்கு 7-ஐ விடு. முழு ஆட்டமும் 11-ஐ மட்டும் பார். பந்து எங்கே போனாலும் சரி."

11 ஆண்டனி கோன்சாலஸ். அன்றுதான் முதல்முறை பந்தை விட்டுவிட்டு ஓர் ஆளைப் பார்த்தேன். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாம் டவுன், இன்னும் 7 யார்டு வேண்டும் என்றால் அவர் 8 யார்டு போய்த் திரும்புவார். 6-இல் திரும்பி நான் பார்த்ததில்லை. அவர் திரும்பும்போது பந்து பாதி வழி வந்திருக்கும். அதாவது அவர் திரும்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் ட்ராய் ஸ்மித் எறிந்துவிட்டார். யாருமே இல்லாத புல்லைப் பார்த்து எறிந்திருக்கிறார், அந்த நொடிக்கு அந்த இடத்துக்கு ஆள் வந்துவிடுவான் என்று.

எறிகிறவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கிறவன்தான் நல்ல ரிசீவர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட். 2007 ட்ராஃப்டில் கின் 9-ஆவது ஆளாகப் போனார், கோன்சாலஸ் 32-ஆவது. இருவருமே முதல் சுற்று. ஒருவரைவிட ஒருவர் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இரண்டு விதமான திறமை, அதில் ஒன்று டிவியில் தெரியாது.

செப்டம்பர் 9

நேற்று எழுதியதை "வேகம் வேண்டாம்" என்று சிலர் படித்திருக்கிறீர்கள். அப்படிச் சொல்லவில்லை.

ஜெர்ரி ரைஸை எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி, ஊர் இட்டா பெனா. அப்பா கொத்தனார். வெயில் காலத்தில் அண்ணன் தம்பிகள் செங்கலைத் தூக்கிப் போட, இவர் பிடித்துக் கை பழகியவர். 1984-இல் ஒரே சீசனில் 27 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) பிடித்தார். அப்படியிருந்தும் 1985 ட்ராஃப்டில் 15 பேர் போன பிறகுதான் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சின்னக் கல்லூரி ஒரு காரணம், ட்ராஃப்டுக்கு முன் ஓட வைக்கும் 40 யார்டு ஓட்டத்தில் அசத்தும் நேரம் இல்லாதது இன்னொன்று.

மறுபக்கம் ஜான் ராஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் 17 டச்டவுன். 2017-இல் அதே 40 யார்டை 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையை உடைத்தார், 9-ஆவது ஆளாகப் போனார். தொழில்முறை ஆட்டத்தின் முதல் சீசனில் ஒரு பந்துகூட அவர் பிடித்த கணக்கில் ஏறவில்லை. காயமும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டு பேரே எனக்குப் போதும்.

செப்டம்பர் 15

"அப்படி என்னதான் செய்கிறான், விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்டவருக்கு. ஒரே ஒரு ரூட்டை, அதாவது ரிசீவர் ஓட வேண்டிய பாதையை, எடுத்துக்கொள்கிறேன். கர்ல். 12 யார்டு நேராக ஓடி, சட்டென்று நின்று, குவார்ட்டர்பேக்கைப் பார்த்துத் திரும்பி இரண்டடி வரவேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஒரு கொக்கி, அவ்வளவுதான். என் மகனுக்கு இதைப் பழக்க இரண்டு கோடைகாலம் ஆனது.

எதிரே கார்னர்பேக், அதாவது ரிசீவரைக் காவல் காக்கும் எதிரணி ஆள், 7 யார்டு தள்ளி நிற்கிறான். அவனுக்கு ஒரே பயம்: இவன் என்னைத் தாண்டிப் போய்விட்டால் பின்னால் யாருமில்லை. அந்தப் பயத்தில்தான் ரிசீவருக்குச் சோறு. ஸ்னாப் ஆனதும் (பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போய் ஆட்டம் தொடங்கியதும்) முழு வேகத்தில் அவனை நோக்கியே ஓட வேண்டும். ஓரமாக ஒதுங்கி ஓடினால் அவன் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு பின்வாங்குவான். நேராகப் போனால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தவிப்பான். ஒரு கட்டத்தில் இனி பின்வாங்க முடியாது என்று இடுப்பைத் திருப்பி ஓட ஆரம்பிப்பான். அந்த இடுப்பு திரும்பும் நொடியில் நிற்க வேண்டும். அவன் நின்று, மறுபடி திரும்பி வருவதற்குள் 3 யார்டு இடைவெளி கிடைத்துவிடும்.

நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முழு ஓட்டத்தில் வருகிறவன் நிற்கப்போகிறான் என்றால் உடம்பு முன்கூட்டியே சொல்லிவிடும். நெஞ்சு நிமிரும், கை வீச்சு குறையும், காலடி பொடிப்பொடியாகும். கார்னர்பேக் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அதனால் நெஞ்சை முழங்காலுக்கு மேலேயே வைத்து, கையைக் கடைசி எட்டு வரைக்கும் வீசி, பிறகு இடுப்பைக் கீழே இறக்கி மூன்றே எட்டில் நிற்க வேண்டும். மாடிப்படியில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துத் தரையில் கால் வைத்தால் உடம்பு எப்படித் திடுமென்று அமுங்கும்? பார்க்க அதைப் போலவே இருக்கும்.

பின்வாசல் புல்லில் 12 யார்டுக்கு ஒரு பழைய துண்டை விரித்து வைத்திருந்தேன். முதல் வருடம் அவன் துண்டுக்கு நாலு எட்டு முன்பே வேகத்தைக் குறைப்பான். அவனுக்கே அது தெரியாது. நான் பக்கவாட்டில் நின்று போனில் படம் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினான்.

சுருக்கமாகச் சொன்னால், எதிராளிக்கு எதையும் சொல்லக்கூடாது, தன் குவார்ட்டர்பேக்குக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் ஒரே உடம்பால் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

செப்டம்பர் 21

இன்று கொஞ்சம் மனத்தாங்கலில் எழுதுகிறேன். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி அணியில் போன வருடம் முழுக்க ஆடினான். இந்த வருடம் அவனை இரண்டாம் வரிசைக்குத் தள்ளி, அவனைவிட அரையடி உயரமான பையனை முன்னால் போட்டிருக்கிறார் பயிற்சியாளர். மகன் 5 அடி 7 அங்குலம். எங்கள் வீட்டில் இதுவே உயரம்.

கோடை முழுக்க அவன் ஓடிய ரூட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். கை சுத்தம், கணக்கு சுத்தம். உயரத்தைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பயிற்சியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். மனைவி "ஒரு வாரம் போகட்டும்" என்கிறாள். அனுப்பவில்லை.

செப்டம்பர் 29

நேற்று மிச்சிகன் ஸ்டேட்டோடு நடந்த ஆட்டத்தில் நம் ஒஹையோ ஸ்டேட்டின் ஜெரமையா ஸ்மித் ஒற்றைக் கையால் பிடித்த டச்டவுன் வீடியோவை இங்கே ஐந்து பேர் போட்டிருக்கிறீர்கள். முதலாண்டு மாணவர். நானும் பத்துத் தடவை பார்த்தேன். ஆனால் பையன்களுக்கு அதைக் காட்டி "இப்படிப் பிடி" என்று சொல்லிவிடாதீர்கள்.

பந்து பிடிப்பதைப் பற்றி நான் கற்றது கண்ணால் அல்ல, காதால். வீட்டுக்குப் பின்னால் எறிந்து பழகும்போது ஒருநாள் பல் வலி, நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை. பந்தை எறிந்துவிட்டுக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கவனித்தேன்: அவன் சரியாகப் பிடித்தால் சத்தம் குறைவு. "டப்" என்று அறைந்தாற்போல் கேட்டால் பந்து உள்ளங்கையில் மோதியிருக்கிறது, அடுத்ததோ அதற்கு அடுத்ததோ கீழே விழும். "தப்" என்று அமுங்கிக் கேட்டால் விரல் நுனிகள் முதலில் தொட்டு, கை பந்தோடு கொஞ்சம் பின்னால் போயிருக்கிறது. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும். ஆனால் கிரிக்கெட் பந்து உருண்டை. இது இரண்டு பக்கமும் கூர், சுழன்றுகொண்டே வரும். மூக்கு உள்ளங்கையில் குத்தினால் தெறித்துவிடும்.

நெஞ்சுக்கு மேலே வந்தால் இரண்டு கட்டைவிரலும் ஒட்ட வேண்டும், கீழே வந்தால் இரண்டு சுண்டுவிரலும். நெஞ்சு உயரத்துக்கு நேராக வருவதுதான் கஷ்டம், எது என்று முடிவெடுப்பதற்குள் வந்துவிடும். அப்புறம் பிடித்த பந்தைக் கண் கடைசிவரை பார்த்து அக்குளுக்குள் கொண்டுபோக வேண்டும். நழுவும் பந்துகளில் பெரும்பாலானவை, பிடிப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் ஓடலாம் என்று தலை திரும்பியதால் நழுவியவை.

அக்டோபர் 6

குட்டிக் குறிப்பு. "காலேஜ் ரிசீவருக்கும் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) ரிசீவருக்கும் என்ன வித்தியாசம், ஒரே ஆட்டம்தானே?" என்று கேட்டிருந்தார் ஒருவர்.

கோட்டோரம் பிடிக்கும்போது காலேஜில் ஒரு கால் உள்ளே பட்டால் போதும், அங்கே இரண்டும் பட வேண்டும். காலேஜில் பந்து வைத்திருப்பவன் முழங்கால் தரையில் பட்டாலே அந்த ஸ்னாப்பில் தொடங்கிய ஆட்டம் முடிந்தது, யாரும் தொட வேண்டியதில்லை. பந்து வரும்போது ரிசீவரைப் பிடித்து இழுத்தால் காலேஜில் அதிகபட்சம் 15 யார்டுதான் தண்டனை. அதனால் ஏமாந்துபோன கார்னர்பேக் சிலசமயம் துணிந்தே சட்டையைப் பிடிப்பான். 40 யார்டு போவதற்கு 15 யார்டு பரவாயில்லையே.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் மைதானத்தின் நடுவில் நீளவாக்கில் இரண்டு வரிசையாக இருக்கும் ஹேஷ் கோடுகள். ஒவ்வொரு ஸ்னாப்பும் இவற்றின் மேலோ நடுவிலோதான் தொடங்கும். காலேஜில் அவற்றுக்கு நடுவே 40 அடி. என்எஃப்எல்லில் பதினெட்டரை அடிதான். பந்து ஒரு ஹேஷில் இருந்தால் காலேஜில் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி. குறுகிய பக்கம் நிற்கிறவனுக்கு இடமே கிடையாது. கார்னர்பேக் முட்டிக்கொண்டு நிற்பான், கோடு அவனுக்கு இன்னொரு காவலாள். தனியாக நின்று சண்டை போட்டுப் பிடிக்கிற ஆளைத்தான் அங்கே நிறுத்துவார்கள். அகன்ற பக்கத்தில் ஓட இடம் உண்டு, ஆனால் எறி தூரம் அதிகம், பந்து காற்றில் இருக்கும் நேரமும் அதிகம். அங்கே நேரக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அக்டோபர் 13

ஆரிகன் 32, நாம் 31. தூக்கம் வரவில்லை.

கடைசி நிமிடத்தில் ஸ்மித் காவலாளைக் கையால் தள்ளியதாக நடுவரின் கொடி (தவறு என்பதற்கு அடையாளம்) விழுந்ததே, அதைப் பற்றி மட்டும். ரிசீவர்கள் எல்லோரும் கையைப் பயன்படுத்துவார்கள். திரும்பும் நொடியில் எதிராளியின் இடுப்பில் முழங்கையை மடக்கியபடி ஒரு சின்ன ஒத்துதல், அவ்வளவுதான். நடுவர் கண்ணில் படுவது நீட்டிய கை. கை நேராக நீண்டுவிட்டால் அதில் பலமே இல்லாவிட்டாலும் கொடி விழும். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன், 60,000 பேர் கத்துகிற ஊரில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மகனிடம் அந்த இடத்தை நிறுத்திக் காட்டினேன்.

அக்டோபர் 20

உயரம், எடை பற்றி இன்னும் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. டிவான்டா ஸ்மித்தைச் சொல்லியாக வேண்டும்.

அலபாமா. உயரம் 6 அடி 1 அங்குலம் என்றார்கள். எடை 80 கிலோவைத் தொடாது. கவசம் எல்லாம் மாட்டிய பிறகும் ஒடிசலாகத் தெரிவார். அந்த உடம்போடு 2020-இல் 117 பந்து, 1,856 யார்டு, 23 டச்டவுன். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது அந்த வருடம் அவருக்கு. அதற்கு முன் ஒரு ரிசீவர் அதை வாங்கியது 1991-இல், மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹவர்ட்.

2021 ஜனவரி 11 இறுதி ஆட்டம் நம் அணிக்கு எதிராக. முதல் பாதியிலேயே 12 பந்து, 215 யார்டு, 3 டச்டவுன். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் விரலில் அடிபட்டு வெளியே போய்விட்டார். அதற்குள் நம் கதை முடிந்திருந்தது. 52-24. அன்றிரவு டிவி முன்னால் உட்கார்ந்து நான் அவரை மனத்தில் திட்டிக்கொண்டே ரசித்தேன். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் முதல் நான்கு எட்டு ஒரே மாதிரி. ஆழமாகப் போகிற ரூட்டும், ஐந்தாவது யார்டில் வெட்டுகிற ரூட்டும் தொடக்கத்தில் வித்தியாசமே தெரியவில்லை. நம் ஆட்கள் வேகத்தில் தோற்கவில்லை, யூகத்தில் தோற்றார்கள்.

அவர் முதலாண்டில் ஜார்ஜியாவுக்கு எதிராகப் பிடித்த 41 யார்டு டச்டவுனையும் பாருங்கள். கூடுதல் நேரம், மூன்றாம் டவுன், 26 யார்டு வேண்டும். அந்தப் பந்தில்தான் கோப்பை வந்தது.

அக்டோபர் 21

திருத்தம். நேற்று மூன்றாம் டவுன் என்று எழுதிவிட்டேன். அது இரண்டாம் டவுன், 26 யார்டு. 2018 ஜனவரி 8. முதல் டவுனில் குவார்ட்டர்பேக் டுவா டங்கவைலோவா 16 யார்டு பின்னால் விழுந்தார், அடுத்த பந்தே இது. அலபாமாக்காரர்களிடம் "இரண்டாம் டவுன், 26" என்று சொன்னாலே போதும், எந்த ஆட்டம் என்று கேட்க மாட்டார்கள். சுட்டிக்காட்டிய நண்பருக்கு நன்றி.

மறுபடி பார்த்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. டங்கவைலோவா முதலில் மறுபக்கம் பார்த்து ஆழத்தில் நின்ற கடைசித் தடுப்பாளனை (சேஃப்டி) நிறுத்தி வைக்கிறார். ஸ்மித் அதை நம்பி ஓடுகிறார், வேகம் குறையவேயில்லை. குவார்ட்டர்பேக் தன் பக்கம் பார்க்கவில்லையே என்று ரிசீவர் சோர்ந்து ஓடியிருந்தால் பந்து அவருக்கு முன்னால் விழுந்திருக்கும்.

அக்டோபர் 27

நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேனே, அதற்கு நான் காட்டுவது 2008 நவம்பர் 1, லபக் நகரம். டெக்ஸஸ் டெக்கும் அன்று முதலிடத்தில் இருந்த டெக்ஸஸும். டெக் ஒரு புள்ளி பின்னால், 33-32. 8 வினாடி மிச்சம், 28 யார்டு தொலைவு. கிரஹம் ஹாரல் வலது ஓரத்துக்கு மைக்கேல் கிராப்ட்ரீயின் பின்தோள் பக்கமாக எறிந்தார். முன்னால் எறிந்தால் காவலாள் கை வைப்பான். பின்தோளுக்கு எறிந்தால் ரிசீவர் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பிப் பிடிக்க வேண்டும், காவலாள் ஓடின வேகத்தில் தாண்டிப் போவான். கிராப்ட்ரீ திரும்பினார், பிடித்தார், இழுத்தவனை உதறினார், கோட்டை மிதிக்காமல் உள்ளே போனார். கடிகாரத்தில் 1 வினாடி.

இந்தப் பின்தோள் எறியை அங்கே நின்று கூப்பிட்டுச் சொல்ல நேரம் கிடையாது. இருவரும் ஒரே காவலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர வேண்டும். கிராப்ட்ரீ பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். எறிகிறவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அவருக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

நவம்பர் 3

செப்டம்பர் 21-இல் நான் எழுதியதை அப்படியே விட்டுவைக்கிறேன், அழிக்கவில்லை. ஆனால் அது தவறு.

போன வாரம் பயிற்சியாளர் மகனையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடிக்கணினியில் ஒரே ஆட்டத்திலிருந்து வரிசையாகத் துண்டுகளைப் போட்டார். மகன் நிற்கிறான், ஸ்னாப், மகன் கிளம்புகிறான். அடுத்தது. மறுபடி அதே. ஆறாவது துண்டில் எனக்குப் புரிந்துவிட்டது, பக்கத்தில் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

பந்து தனக்கு வரும் ஆட்டம் என்றால் அவன் அம்பு மாதிரி புறப்படுகிறான். ஓட்டக்காரனுக்குப் பந்து போகும் ஆட்டம் என்றால் நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஏதோ செய்கிறான். கையுறையைக்கூடச் சரி செய்துகொள்கிறான். பயிற்சியாளர் அடுத்து எதிரணிக் கார்னர்பேக்கைக் காட்டினார். முதல் கால் பகுதியில் அந்தப் பையன் பின்வாங்கியே நிற்கிறான். இரண்டாம் கால் பகுதியில் எங்கள் மகனின் முதல் எட்டைப் பார்த்ததுமே ஓட்டத்தைத் தடுக்க முன்னால் பாய்கிறான். இவன் பதினோரு பேரின் இரகசியத்தையும் தன் காலால் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எதிராளிக்கு எதையும் சொல்லக்கூடாது என்று இதே பக்கத்தில் நான்தான் எழுதினேன். என் பிள்ளை விஷயத்தில் நான் பார்த்தது பந்து வரும் ஆட்டங்களை மட்டும். பின்வாசலில் எல்லா ஆட்டமும் பந்து வரும் ஆட்டம்தானே.

அந்த உயரமான பையனின் துண்டுகளையும் பார்த்தோம். ரூட் சுமார்தான். ஆனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கார்னர்பேக்கின் முன்னால் போய்க் குறுக்கே நிற்கிறான். இதற்குப் பெயர் ஸ்டாக் பிளாக். மோதித் தள்ளுவது இல்லை. முழு வேகத்தில் ஏதோ ஆழமாகப் போகிறவனைப் போல ஓடி, காவலாள் பின்வாங்கினதும் இரண்டடி தூரத்தில் நின்று, காலை அகட்டி, அவன் எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடி போல் கூடவே போக வேண்டும். கை அவன் நெஞ்சுத் தட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், தோளுக்கு வெளியே போனால் பிடித்ததாகக் கொடி. மூன்று வினாடி தாக்குப்பிடித்தால் போதும். ஓட்டக்காரனுக்கு 6 யார்டு 60 ஆவது அந்த மூன்று வினாடியில்தான்.

ஒஹையோ ஸ்டேட்டில் எமேக்கா எக்புக்காவைப் பாருங்கள், இந்த வேலையில் முகம் சுளிக்காதவர்.

மின்னஞ்சலை அழித்துவிட்டேன். மனைவி எதுவும் கேட்கவில்லை.

டிசம்பர் 1

மிச்சிகன் 13, நாம் 10. சொந்த மைதானத்தில். ஜெரமையா ஸ்மித், எக்புக்கா, கார்னெல் டேட் என்று மூன்று ரிசீவர்களை வைத்துக்கொண்டு நடுவிலேயே முட்டிக்கொண்டிருந்தோம். நல்ல ரிசீவருக்கு என்ன வேண்டும் என்று மூன்று மாதமாக எழுதுகிறேன். பந்து வேண்டும் என்பதை எழுத மறந்துவிட்டேன்.

டிசம்பர் 15

நேற்று ஹைஸ்மன் கொலராடோவின் ட்ராவிஸ் ஹன்டருக்கு. ரிசீவராகவும் ஆடுகிறார், கார்னர்பேக்காகவும் ஆடுகிறார். சிறந்த ரிசீவருக்கான பிலட்னிகாஃப் விருதும், சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பெட்னரிக் விருதும் ஒரே வருடத்தில்.

"இது உடல் சக்திதானே, ரிசீவர் திறமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டவருக்கு: நிறைய இருக்கிறது. கார்னர்பேக்காக நிற்கும்போது அவர் பார்ப்பது எதிரே வருகிறவனின் இடுப்பையும் காலடியையும். எது தன்னை ஏமாற்றியது என்று தெரிந்தவருக்கு, எதைச் செய்தால் அடுத்தவன் ஏமாறுவான் என்பது தெரிந்துவிடுகிறது. பிந்திக் கை தூக்குவதையே பாருங்கள். பந்துக்கு முதுகு காட்டித் துரத்தும் கார்னர்பேக்குக்குப் பந்து எப்போது வருகிறது என்று தெரியாது. ரிசீவரின் கண் விரிவதையும் கை உயர்வதையும் பார்த்துத்தான் அவனும் கை வீசுவான். அதனால் நல்ல ரிசீவர் பந்து தலைக்கு மேல் வரும்வரை கையை ஓட்டத்திலேயே வைத்திருப்பான். கடைசி நொடியில்தான் தூக்குவான்.

பள்ளி சீசன் முடிந்துவிட்டது. மகன் வசந்தத்தில் கார்னர்பேக்காகவும் பழகப் போகிறானாம். பயிற்சியாளர் சரி என்றிருக்கிறார்.

ஜனவரி 2, 2025

கோப்பைக்கான சுற்றில் ரோஸ் பவுல் ஆட்டம். ஆரிகனைத் திருப்பி அடித்தாயிற்று, 41-21. ஸ்மித் 7 பந்து, 187 யார்டு, 2 டச்டவுன்.

செப்டம்பரில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். வேகம் மற்றவற்றுக்குப் பிறகுதான் என்கிற தொனியில் எழுதியிருந்தேன். நேற்று பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. கார்னர்பேக் இடுப்பைத் திருப்பியே ஆக வேண்டிய பயம் எங்கிருந்து வருகிறது? இவன் தாண்டினால் பிடிக்க முடியாது என்ற பயம் வேகத்திலிருந்துதான் வருகிறது. அந்தப் பயம் இல்லாவிட்டால் கர்ல் ரூட்டை எவ்வளவு துல்லியமாக ஓடினாலும் அவன் அசைய மாட்டான். கோன்சாலஸுக்கு நடுவில் இடம் கிடைத்ததில், மறுபக்கம் கின் நின்றதற்கும் பங்கு உண்டு. 18 வருடம் கழித்து இது புரிகிறது.

ஜனவரி 11

டெக்ஸஸை 28-14 என்று ஜெயித்தோம். ஸ்மித் பிடித்தது ஒரே ஒரு பந்து, 3 யார்டு. "புகழ்ந்தீர்களே, எங்கே போனார்?" என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள்.

எங்கேயும் போகவில்லை. அவர் நின்ற பக்கத்தில் இரண்டு பேரை நிறுத்தினால் வேறு எங்கேயோ ஓர் ஆள் குறைகிறான். பதினோரு பேருக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ள முடியாது. முதல் பாதி முடிய அரை நிமிடம் இருக்கும்போது ட்ரெவியான் ஹென்டர்சன் ஒரு குட்டி எறியை வாங்கி 75 யார்டு ஓடினாரே, அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டு, பந்தைப் பார்க்காமல் மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பாருங்கள். இந்த இழையில் கேட்ட எல்லாவற்றுக்கும் அதில் ஏதாவது கிடைக்கும்.

எனக்கு வேறொன்று முக்கியமாகப் பட்டது. பந்தே வராத ராத்திரியில் ஒரு முதலாண்டுப் பையன் கடைசிக் கால் பகுதியில் எப்படிக் கிளம்புகிறான் என்று பார்த்தேன். முதல் கால் பகுதியில் கிளம்பின மாதிரியேதான்.

ஜனவரி 21

அட்லாண்டா. 34-23. நோட்ர டேமை ஜெயித்துக் கோப்பை வந்துவிட்டது. தொண்டை போய்விட்டது, எழுதத்தான் முடிகிறது.

31-15 என்று இருந்தது 31-23 ஆகிவிட்டது. மூன்று நிமிடம்கூட இல்லை. மூன்றாம் டவுன், 11 யார்டு வேண்டும். இங்கே நின்றால் பந்து அவர்கள் கைக்குப் போகும். அதுவரை ஸ்மித்துக்கு 4 பந்து, 32 யார்டு. நோட்ர டேம் அவருக்கு ஒற்றைக் காவல் போட்டது. நம் குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் தூக்கி எறிந்தார், 56 யார்டு. பிறகு உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல், முடிந்தது. சீசன் கணக்கு 76 பந்து, 1,315 யார்டு, 15 டச்டவுன்.

என் மனைவி ஃபுட்பால் பார்ப்பதேயில்லை, அவளும் எழுந்து நின்றாள். அடுத்த வீட்டில் பட்டாசு சத்தம். நான் மகனைப் பார்த்தேன். அவன் ரிமோட்டை எடுத்து அந்த ஆட்டத்தைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான். பந்து காற்றில் இருக்கும் இடத்தில் நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. இன்னும் பின்னால் போய், ஸ்மித் கோட்டில் வந்து நிற்கும் இடத்திலிருந்து போட்டான்.

"அப்பா, கால மட்டும் பாருங்க," என்றான்.